வேனுக்கு அனுமதி இல்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஆய்வாளனும், என் முதுகுக்குப் பின்னால் உங்களால் ‘சட்டப் புத்தகம்’ என்று அழைக்கப்படுபவனுமாகிய நான் எழுதுவது. நோக்கம் இரண்டு: ஒரு மறுப்பு, ஒரு கோரிக்கை. மறுப்பை முதலில் படித்தால்தான் கோரிக்கை விளங்கும். தொலைபேசியில் நீங்கள் அழுதுவிடுகிறீர்கள், நான் அதட்டிவிடுகிறேன். ஆகவே எழுதி, படமெடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பேசி, குடும்பத்தோடு மருத்துவமனைக்கு வரப்போவதாக நேற்றுச் சொன்னீர்கள். “கடைசியா ஒரு தடவை அவ முகத்தைப் பாத்துட்டு வந்துடறோம் மாப்பிள்ளை” என்றீர்கள். வேனுக்கு அனுமதி இல்லை. ‘கடைசியா’ என்ற சொல்லுக்கும் அனுமதி இல்லை. லிஃப்ட் பலகையில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், ஒன்பதாவதாக ஏறியவர் கட்டடத்தின் உரிமையாளரே ஆனாலும் இறக்கிவிடுகிறவன் நான். உங்கள் தங்கையின் அறை வாசலில் ‘ஒருவர்’ என்று எழுதியிருக்கிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடமிருந்து எடுத்த, புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்களுக்கு இடம் கொடுப்பதற்காக, அவளுடைய நோயுற்ற பழைய எலும்பு மஜ்ஜையை மருந்துகளால் அழித்துவிட்டார்கள். புதியது வேலையைத் தொடங்கும்வரை நோயை எதிர்க்க அவள் உடம்பில் ஒன்றுமே இல்லை. நமக்கு இரண்டு நாள் மூக்கை ஒழுகவைக்கும் சளி அவளைக் கொண்டுபோய்விடக்கூடும். இதைவிட மென்மையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, உங்கள் சந்தேகம். “என் ரத்தம் அவளுக்கு ஒத்துக்கலையோ?” என்று போன வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவள் ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை என்பது உண்மை. மருத்துவரிடம் கேட்டேன். அந்தச் செல்களுக்கு யாரும் வழி காட்டுவதில்லையாம். ரத்தத்தோடு சுற்றித் திரிந்து, தாமாகவே எலும்புக்குள் இடம் கண்டுபிடித்துக் குடியேற வேண்டுமாம். அதற்கான கெடு இன்னும் முடியவில்லை என்றார். அவை உங்கள் செல்கள். எங்கள் திருமணத்துக்கே பந்தி முடிந்தபிறகு வந்து சேர்ந்தவர் நீங்கள். தாமதம் வேறு, வராமல் போவது வேறு. அவை வரும். என்னிடம் யாரும் அதற்கு மாறாகப் பேச வேண்டாம்.

உங்கள் செல்களை அவளுக்கு ஏற்றிய அன்று, அந்தச் சின்னஞ்சிறு பையைக் கம்பியில் மாட்டியபோது உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? “இவ்ளோதானா? எங்கண்ணன் எப்பவுமே கஞ்சன்” என்றாள். செவிலியர் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் நழுவிவிட்டது. அவள் தொண்டையிலிருந்து நாங்கள் கேட்ட கடைசி வேடிக்கை அது. மறுநாளிலிருந்து அந்த மருந்துகளால் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்குவதற்கே கண்ணீர் வருகிறது. பேச்சு நின்றுவிட்டது; கைச்சாடைதான். (சற்று முன் நானே ‘கடைசி’ என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டதாகக் கொள்ளவும்.)

இனி கோரிக்கைக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

இன்று காலை, அவள் அறைக்கு முன்னால் கை கழுவும் சிறு அறையில் நின்றபோது தும்மிவிட்டேன். ஒரே ஒரு தும்மல். செவிலியர் பார்க்கவில்லை. நேற்று ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தேன், அந்தத் தூசியாகத்தான் இருக்கும், முகக்கவசம் வேறு போட்டிருக்கிறேன், நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் என்று வரிசையாக நியாயங்கள் தோன்றின. “ஒண்ணும் ஆகாது சார், இந்த ஒரு தடவை மட்டும்” என்று என்னிடம் கெஞ்சுபவர்கள் சொல்லும் அதே நியாயங்கள். அவர்களில் ஒருவரையும் நான் விட்டதில்லை. என்னை விட்டுவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

நடுவில் இருப்பது கண்ணாடிக் கதவு. அவள் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே ஒரு காலை வைத்ததும் கையை உயர்த்தித் தடுத்தாள். பேசாதிருந்தவள் பேசினாள்.

“வெளிய போங்க ஆபீசர்.”

தூசிதான் என்றேன். அவள் தலையை அசைத்தாள். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் பொழைக்கணும்னு இருக்கேன். போங்க.”

வெளியே வந்து நானே செவிலியரிடம் சொன்னேன். மாலைக்குள் தொண்டையும் கரகரத்தது. அவளுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. சளி நீங்கி மருத்துவர் ஒப்புதல் தரும்வரை எனக்கு அந்த மாடிக்கே அனுமதி இல்லை. முறையான தடை. எனக்கு ஆட்சேபம் இல்லை.

செவிலியர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கு வேறு அறைகளும் உண்டு. மணிக்கொரு தரம் அவளை வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். கெஞ்சியோ திட்டியோ ஒரு மிடறு தண்ணீரை உள்ளே அனுப்ப வேண்டும். பல வேளை நான் கெஞ்சித் தோற்றிருக்கிறேன். உங்கள் உடம்பைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த மருத்துவர்களே. கை கழுவும் முறையையும் அங்கேயே கற்றீர்கள். தும்மலோ இருமலோ இல்லையென்றால், நாளைக் காலை முதல் பேருந்தில் தனியாக வாருங்கள். அவளை வழியனுப்ப அல்ல, வேலை செய்ய. பழமோ பூவோ வேண்டாம். தலைமுடி போய்விட்டது, பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். அவளைச் சீண்டுங்கள். உங்களுக்கு மட்டும் பதில் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

நான்காம் மாடிக்கு வலப்பக்க லிஃப்டில் ஏறவும். இடப்பக்க லிஃப்டின் கதவு சரியில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள். இதற்கு மட்டும் வேண்டாம், அண்ணா. இத்தனை வருடங்களில் உங்களை நான் அப்படி அழைத்ததில்லை என்பது நினைவிருக்கிறது.

அவள் படுக்கை ஜன்னலோரம் இருக்கிறது. தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும்; அங்கே நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, கேட்டுவிட்டேன். இதை உங்களுக்கு அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். கண்ணாடியில் அவள் கை தெரியும்வரை நிற்பேன்.

இப்படிக்கு,
அவளால் வெளியேற்றப்பட்ட,
அவள் கணவன்