அறுந்துபோகத் தைத்த வார்

நாமக்கல்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மதுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதை நம்புவதா என்று இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்கிறேன். இன்னொரு முறை ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவன் உன் கேமராப் பையைப் பிடித்து இழுத்தால் நீ விட்டுவிடுவாயா, மாட்டாயா? இருபத்தைந்து வருடம் உன்னை வளர்த்தவள் நான், பத்து நாளாக யோசிக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் இடது முழங்கையிலும் முழங்காலிலும் இருந்த தழும்பைப் பார்த்துக் கேட்டேன், புவனேஸ்வர் விடுதியில் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாய். துருவித் துருவிக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை, அது உனக்கும் தெரியும், வசதியாகப் போய்விட்டது. கிளம்பும்போது பழைய பையை மேசைமேல் வைத்து, கடையில் விற்கிற பைகளெல்லாம் உள்ளே கேமரா இருக்கிறது என்று ஊருக்கே சொல்கின்றன, பரமத்தி ரோட்டில் லாரி சீட்டும் தார்ப்பாயும் தைக்கிற சுப்பையனிடம் இதை அளவுக்குக் கொடுங்கள், பார்க்கச் சாதாரணத் துணிப்பை மாதிரி இருக்க வேண்டும், தினசரி வேலைக்கும் அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி கிளம்புகிற அஸ்ஸாம் பயணத்துக்கும் ஒரே பையாகப் போதும் என்றாய். கொண்டுபோய்க் கொடுத்தேன். சுப்பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வார் மாட்டியிருந்த இரும்பு வளையம் நிமிர்ந்து கிடந்ததையும் ஒரு பக்கத் துணி முழுக்கப் பஞ்சாகப் பிரிந்திருந்ததையும் விரலால் தடவினார். "ஏனுங்கம்மா, இது தார் ரோட்டுல இழுபட்டதுங்க. தார்ப்பாய் கட்டு அவுந்து லாரிக்குப் பின்னால தொங்கிட்டு வந்தா இப்பிடித்தான் ஆகும். பத்துப் பதினஞ்சடி இழுபட்டிருக்கோணும். பாப்பா அப்ப பைய உட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். பை தேய்ந்ததும் இடது பக்கம், உன் தழும்பும் இடது பக்கம், கேமரா இன்னும் உன்னிடம் இருக்கிறது. இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து சாப்பிடக்கூடச் சரியாக வரவில்லை, மூன்றாம் நாள் என்னிடம் சொல்லாமல் சுப்பையனிடம் போய், "இனி எவன் இழுத்தாலும் அவன் வண்டிதான் நிக்கோணும், வார் அறக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரம் பை தயாரானது. பை நன்றாகத்தான் இருந்தது, பழுப்புத் துணி, தண்ணீர் இறங்காது, வாய் உடம்பைப் பார்த்துத் திறக்கிறது, கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் கையை விட முடியாது. கருப்பு லென்ஸ் மூடிகள் இருட்டில் தொலையாமல் இருக்க உள்ளே மஞ்சள் துணி வைத்திருந்தார். ஆனால் வார்தான் எனக்குப் பிடிக்கவில்லை. லாரியில் சரக்கை இறுக்கும் பெல்ட், நைலான் நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து இரண்டு ஆணி வேறு அடித்திருந்தார். "இதுல ஒரு இன்ஜினையே தொங்க உடலாமுங்க" என்றார், அப்பாவுக்கு அத்தனை நாளில் முதல்முறையாக முகம் தெளிந்தது. இரண்டு பேரும் முப்பது வருடமாகச் சரக்கு கீழே விழக்கூடாது என்பதற்காகவே கட்டிப் பழகியவர்கள், இதில் சரக்கோடு ஒரு ஆளும் கட்டப்பட்டிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வாரும் அறாது, வண்டியும் நிற்காது என்றால் நடுவில் அறுவது யார் என்று கேட்டேன்.

வாரின் ஒரு முனையைப் பிரித்து, தீவன மூட்டைக்கு வாய் தைக்கிற பருத்தி நூலில் ஒற்றை ஓட்டுத் தையல் மட்டும் போட்டுத் தரச் சொன்னேன். அந்தத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும், எங்கள் கோழித்தீவன ஆய்வகத்துக்கு வருகிற மூட்டைகளில் தினம் பார்க்கிறேன். சுப்பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தையலு அறுந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒரு டிரைவர் வந்து நின்னதில்லீங்க. அறுந்து போற மாதரயே தெச்சுக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க. நாளைக்கி கேமரா போயிருச்சுன்னா எம்பேர்ல பழி போடக்கூடாது" என்றார். அப்பா, "இவ திருடனுக்கு வசதியா பை தெக்கச் சொல்றா" என்று அவரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. கேமரா போனால் போகட்டும் என்றேன்.

மாதிரி எடுத்துப் பார்க்காமல் நான் எந்த மூட்டையையும் நம்பியதில்லை, இதையும் நம்பவில்லை. ஐந்து முறை தைக்கச் சொல்லி மக்காச்சோளத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். எட்டு கிலோ வரை அசையவில்லை, உன் கேமராவும் லென்ஸ்களும் சேர்ந்து மூன்று கிலோதான். பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில் ஐந்து முறையும் அறுந்தது. நேற்று அஸ்தம்பட்டியில் ஒரு வேலை இருந்தது, பையின் அறைகளில் பன்னிரண்டு முட்டை வைத்துப் பேருந்தில் போய்வந்தேன், அடியில் இருந்த இரண்டு மட்டும் கீறல் விட்டன. அடியில் இன்னொரு அடுக்கு சீட்டு ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்லிவிட்டேன்.

பையில் நீயாக எதுவும் எழுதாதே, அந்தக் கேமரா கம்பெனி ஸ்டிக்கரையும் ஒட்டாதே. படம் எடுத்த கார்டுகளை அன்றன்றைக்கே எடுத்து உடம்போடு வைத்துக்கொள், பையில் விடாதே, பை போனாலும் வேலை மிஞ்சும். ரோட்டோரம் நடக்கும்போது பை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். எல்லாவற்றையும் எப்போதும் தூக்கிக்கொண்டு அலையாதே, அன்றைக்கு வேண்டிய ஒரு லென்ஸ் போதும், தோள் உன்னுடையது. இழுத்தால் விடு. தையல் பதினைந்து கிலோவில் அதுவாக விட்டுவிடும், நீ செய்ய வேண்டியது கையைத் திறப்பது மட்டும்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

போகிற வழியெல்லாம் உனக்கு நல்லவர்களாகவே வாய்க்கட்டும், எடுக்கிற படங்கள் நல்லபடியாக வரட்டும், எங்கள் இருவர் ஆசியும் உண்டு. அஸ்ஸாம் போய்ச் சேர்ந்ததும் போன் செய், விழுந்தால் விழுந்தேன் என்று சொல்.

உன் அம்மா,
அறிவுச்செல்வி

திங்கள், பகல்

கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் அப்பா, "சோளத்தக் கட்டித் தொங்க உட்டியே, ஆளு மேல போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, மறுக்க முடியவில்லை. பையில் ஆறு முட்டையும் எடைக்கு மக்காச்சோளமும் வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நம் தெருவில் நடந்தேன், அவர் பின்னாலிருந்து மொபெட்டில் மெதுவாக வந்து பையைப் பிடித்து இழுத்தார். தையல் நான் எழுதியிருந்தபடியே அறுந்து உருவிக்கொண்டு வந்தது. ஆனால் பையின் அடிப்பக்கத்தை என் இரண்டு கையும் பிடித்திருந்தன, எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. நாலைந்து எட்டு கூடவே ஓடி, விழுந்து, அவர் பிரேக் பிடிக்கும்வரை இழுபட்டேன். வலது முழங்காலில் தோல் போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. குளியலறையில் வழுக்கியது என்று சொல்ல எனக்கு வழியில்லை, வண்டி ஓட்டியவரே உன் அப்பாதான். பையைச் சுப்பையனிடம் நானே எடுத்துப் போனேன். அவர் முனையை மறுபடி அதே பருத்தி நூலில் தைத்துக் கொடுத்தார், பிறகு பையின் ஓரத்தில் புதிதாகப் பஞ்சு பிரிந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, நீங்களும் உடலீங்களா?" என்று கேட்டார். இல்லை, விடவில்லை என்றேன். பை மதியப் பார்சலில் வருகிறது.