தித்தாங்கா பூத்த வருடம்

அன்பு மகள் நில்டாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். லிமாவின் மூடுபனியில் உனக்கு இருமல் விடவில்லை என்று மாப்பிள்ளைதான் போனில் சொன்னார், நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல் வேலை எங்கும் ஓடிப்போகாது, முதலில் டாக்டரைப் பார். போனில் பேசலாம் என்றால் மேட்டில் ஏறி நிற்கவேண்டும், பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடுகிறது, அதனால்தான் கடிதம்.

நம் பட்டிக்கு மேலே நிற்கிற பெரிய தித்தாங்கா பூத்துவிட்டது கண்ணு! ஆயுளுக்கு ஒருமுறை பூத்துச் சாகிற செடி, இத்தனை தலைமுறை சும்மா நின்றுவிட்டு எங்கள் காலத்தில் பூத்திருக்கிறது. தண்டு நம் வீட்டைப்போல மூன்று மடங்கு உயரம், அடியிலிருந்து நுனிவரை வெளிர்பச்சைப் பூ, விடிந்தால் ரீங்காரச்சிட்டுகளின் சத்தம்தான். ஆனால் ஆகஸ்டிலேயே அது சாம்பலாகியிருக்கவேண்டியது. உன் ஞானத்தகப்பன் சதுர்நீனோவின் சினை ஆடு ஒன்று காற்றுக்கு ஒதுங்கிக் கீழ்ச்சரிவிலே ஒரு தித்தாங்காவின் காய்ந்த இலைகளுக்குள் போய்ப் படுத்திருக்கிறது. அந்தக் கொக்கிமுள் உனக்குத் தெரியுமே, இழுக்க இழுக்க ரோமத்தை இறுக்கும். அவர் தேடிக் கண்டுபிடித்தபோது ஆடு செத்து, கண்ணைப் பறவைகள் கொத்தியிருந்தன. மனுஷனுக்கு வெறி வந்துவிட்டது. "இந்த முள்ளுச்சனியன வச்சுக்கிட்டு என்ன பண்றது, அம்புட்டையும் கொளுத்துனாத்தான் ஆடு மிஞ்சும்" என்று கத்திக்கொண்டே கீழ்ச்சரிவில் தீ வைத்துவிட்டார். காய்ந்த புல், பேய்க்காற்று. இளஞ்செடிகள் எல்லாம் பந்தம் மாதிரி எரிந்தன. அதோடு விடாமல் பெரியதையும் கொளுத்த மேலே ஏறினார். நான் ரோமம் வெட்டுகிற கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் பின்னாலேயே ஓடினேன்.

போய்ப் பார்த்தால், தீ வைக்கக் குனிந்த மனுஷன் மேலே போட்டிருந்த கம்பளிப் போன்சோவோடு முள்ளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்! கை இரண்டும் அசையவில்லை, கீழே அவர் வைத்த தீயே அவரைப் பார்த்து ஏறி வருகிறது. "சிரிக்காத தங்கச்சி, சீக்கிரம் எடுத்துவிடு" என்றார். எனக்கு எங்கே சிரிப்பு வரும்? "மொதல்ல தீப்பெட்டியக் கீழ போடுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போன்சோவைக் கத்தரித்தேன். அந்த நேரத்திலும் "ஐயோ, பசிலியா நெய்ஞ்ச துணி, வீட்டுக்குள்ளயே விடமாட்டாளே" என்று பெண்டாட்டியை நினைத்து அலறுகிறார். பிறகு அந்தக் கிழிந்த போன்சோவை வைத்தே நாங்கள் இருவரும் தீயை அடித்தோம், அப்பாவும் ஊர்க்காரர்களும் வந்து மண்ணை வெட்டிப் போட்டார்கள், பெரிய செடிக்குக் கொஞ்சம் கீழே தீ நின்றது. எல்லாம் முடிந்ததும் நன்றாகத் திட்டலாம் என்று திரும்பினேன். அவர் இரத்தம் வழிகிற கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு கை இருக்கிற எனக்கே வெளிய வர முடியலையே, அந்த வாயில்லாச் சீவன் என்ன பாடுபட்டிருக்கும்" என்று குழந்தைபோல அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளில் தைத்திருந்த முள்ளை எடுக்க ஆரம்பித்தேன்.

ஊர்க்கூட்டத்தில் பேசி, ஆடு நுழையாதபடி செடியைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பினோம். பெரிய கல்லெல்லாம் சதுர்நீனோ சுமந்ததுதான். பசிலியா போன்சோவுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு இன்னும் திட்டுகிறாள். கீழ்ச்சரிவு மட்டும் கறுத்துக் கிடக்கிறது, ஒரு முளை இல்லை. அடுத்த வருடம் பெரிய செடியில் விதை முற்றியதும் அங்கே தானே தூவப்போவதாகச் சதுர்நீனோ சொல்கிறார். "அது பூக்கிறப்ப பாக்க நீ இருப்பியாண்ணே" என்று சீண்டினேன். "பூக்கிறதப் பாக்க எவனோ இருக்கட்டும், அது முளைக்கிறப்ப ஆடு மிதிக்காம பாக்க நான் இருப்பேன்ல" என்கிறார்.

பூ உதிர்வதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ மகளே. குழந்தைக்குக் கம்பளிக் குல்லா மறக்காதே, இங்கே காற்று காதைப் பிய்க்கிறது. மலையும் மாதாவும் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா ஹெர்மெலிந்தா