நீங்கள் சொல்லாத கடைசி வார்த்தை

என் அன்புள்ள என்னங்க,

இருபது வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. அடுத்த வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. ஞாயிற்றுக்கிழமை வாசலில் வீசிவிட்டுப் போவார்களே, நம் ஏரியா பேப்பர், அதில் நினைவஞ்சலி போட இடம் கேட்டேன். போட்டோவும் நாலு வரியும் போதும் என்றார்கள். நாலு வரியில் அடங்குகிற சமாசாரமா இது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அரவிந்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பாவும் பிள்ளையும் லேப்டாப் முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்து விண்ணப்பக் கணக்குத் திறந்தீர்களே, அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான். விண்ணப்பிக்கிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீங்களே பயமுறுத்துவீர்கள். படிப்புச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். இரும்புலியூரில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து போனார்கள். இதே ஏரியா பேப்பரில் அவன் படம் வந்தது. இன்னும் பதினைந்து நாளில் விமானம்.

"அவர் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கலையே" என்கிறார்கள் எல்லோரும். நானும் தலையாட்டுகிறேன். நீங்கள் இருந்து பார்த்திருந்தால் என் கழுத்தில் சிவப்பு டேக் கட்டியிருப்பீர்கள்.

மறைமலை நகர் தொழிற்சாலையில் உங்கள் வேலையே அதுதானே. கார் உதிரிபாகம் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்பு டேக் கட்டி ஒதுக்கிவிடுவீர்கள். வீட்டிலும் அதை விட்டீர்களா? ஒழுகுகிற குழாயில் ஒன்று கட்டினீர்கள். என் சாம்பார்ச் சட்டியில் ஒன்று கட்டினீர்கள், நான் இரண்டு நாள் பேசவில்லை. உங்களோடு வேலை பார்த்த முருகேசன் காரியத்துக்கு வந்து, "அண்ணன் கையில ஒரு பீஸு தப்பாது அண்ணி. எங்கள இன்னா பேஜார் பண்ணாரு தெரியுமா!" என்று சிரித்தபடியே ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் தேம்பிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிள்ளை யார், எப்படிப்பட்டவன் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். அரவிந்த் நம் காம்பவுண்டு சுவரைப் பற்றி எழுதினான். ஒவ்வொரு மழைக்கும் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று நீங்கள் இருவரும் பென்சிலால் கோடு போட்டு வருஷம் எழுதுவீர்களே, அதைப் பற்றி. ஒரு பொங்கலுக்கு நான் வெள்ளையடித்து எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டேன். ஞாபகத்திலிருந்து திரும்பப் போட்டுவிடலாம் என்று அவன் அழுதபோது நீங்கள் விடவில்லை. "ஞாபகத்துலேர்ந்து போட்டா அது அளவு இல்லடா, கதை" என்றீர்கள். அடுத்த மழையிலிருந்து புதிதாக ஆரம்பித்தீர்கள். கட்டுரை முழுக்க அவ்வளவுதான். ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்துத் தான் கற்றுக்கொண்டதை எழுதியிருந்தான். நீங்கள் இறந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாவலூரில் இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு மேடம். ஆனா இவ்ளோ பெரிய லாஸ் நடந்திருக்கு, அத விட்டுட்டு சுவரப் பத்தி எழுதியிருக்காரே?" என்றாள். வெளியே வந்ததும் அதையே நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டியபடியே சொன்னான்: "அப்பாவ வச்சு நான் சீட் கேக்க மாட்டேன்மா. இனிமே இதப் பேசாத."

பேசவில்லை. செய்துவிட்டேன்.

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "எல்லாம் ரெடிம்மா. ஸ்பெல்லிங் மட்டும் ஒரு தடவ பாத்துட்டு சப்மிட் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். காலண்டர் அட்டைக்குப் பின்னால் நீங்கள் எழுதிவைத்த பாஸ்வேர்டைப் பார்த்து நான்தான் திறந்தேன். வக்கீல் ஆபீஸில் பதினெட்டு வருடமாக மனு அடிக்கிறவள் இல்லையா நான்? மனுதாரரின் கஷ்டம் முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்பது என் விரலுக்கே தெரியும். விதவைத் தாய், சிறு வயதிலேயே குடும்பச் சுமை, இத்யாதி இத்யாதி. எத்தனை பேருக்கு அடித்திருக்கிறேன். அன்று பகல் பதினொரு மணிக்குச் சுவர்க் கட்டுரையை எடுத்துவிட்டுச் சொந்தப் பிள்ளைக்கு ஒன்று அடித்தேன்.

அவன் மாலை நேரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்து, ஷட்டரை இறக்கிய பிறகு படித்தான் என்று எழுதினேன். அவன் எந்தக் கடைக்குப் போனான்? அதைக்கூட விடுங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "படிப்பை மட்டும் விட்டுவிடாதே" என்று சொல்லிக் கண்ணை மூடியதாக எழுதினேன்.

ஆஸ்பத்திரி ஏது, கையைப் பிடித்தது ஏது? ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, செருப்பை மாட்டிக்கொண்டே "கேஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்டீர்கள். "ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க" என்றேன். மத்தியானத்துக்குள் போன் வந்துவிட்டது. நம் இருவருக்கும் நடுவில் கடைசிப் பேச்சு அதுதான். அதை எந்த மனுவில் எழுத முடியும்? அதனால் உங்கள் வாயில் வேறொன்றை வைத்தேன். அடிக்கும்போது அழுதேன் என்பதுதான் இன்னும் அசிங்கம். என் பொய்க்கு நானே அழுதேன்.

பிள்ளைக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு, உங்களிடம் மறைத்து என்ன? அவன் கட்டுரையில் நான் வருவது ஒரே ஒரு இடத்தில், சுவரை அழித்தவளாக. அது எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் வந்து, "அனுப்பிட்டியாம்மா?" என்று கேட்டான். "அனுப்பிட்டேன்" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டான். திறந்து பார்க்கவே இல்லை. அம்மா மேல் அவ்வளவு நம்பிக்கை.

அனுமதி வந்த பிறகு ஒரு பெரிய உறை தபாலில் வந்தது. அவன் வீட்டில் இல்லை. உள்ளே மற்ற காகிதங்களோடு, அங்கே தேர்வு செய்கிறவர்களில் ஒருவர் தன் கையால் நீல மையில் எழுதிய சின்னக் குறிப்பு ஒன்றும் இருந்தது. மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு அவன் படித்த இரவுகளைப் பற்றியும், அவன் அப்பாவின் கடைசி வார்த்தையைத் தன்னால் மறக்க முடியவில்லை என்பதைப் பற்றியும் எழுதியிருந்தார். நான் அதை மட்டும் உருவி, உங்கள் சாப்பாட்டுப் பையில் மறைத்துவைத்தேன். மூன்று மாதமாக அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் அரவிந்த் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "சுவரப் பத்தி எழுதுனதுக்கே குடுத்துட்டாங்க அக்கா. அப்பா கேட்டா நம்பவே மாட்டாரு." அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவரை இரண்டாவது தடவையும் அழித்தவள் நான்தான். அந்தக் கட்டுரைக்கே அவனைத் தேர்ந்தெடுத்திருப்பார்களோ, மாட்டார்களோ, அது இனி யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளும் பாக்கியத்தையும் பறித்துவிட்டேன். அங்கே போய் இறங்கியதும் யாராவது அவன் தோளைத் தொட்டு மருந்துக்கடையைப் பற்றிக் கேட்டால் பிள்ளை எப்படி விழிப்பான்?

நீங்கள் கோபப்பட்டால் கத்தமாட்டீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். அனுப்பிய நாளிலிருந்து அந்தத் துடைப்பு என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு தடவை கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?

குழாயில் நீங்கள் கட்டிய டேக் இன்னும் இருந்தது. சாயம் போய் ரோஸாகிவிட்டது. இன்று காலை அதை அவிழ்த்து நீல மைக் குறிப்பில் கட்டினேன். அதையும் இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுக்கப்போகிறேன். பேப்பர்காரருக்கு முன்னால் அவன்தான் படிக்க வேண்டும். காலேஜ் இடம் போனால் போகட்டும் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனால் செத்துவிடுவேன் போலத்தான் இருக்கிறது. ஆனால் முடிவு அவனுடையது. வேண்டாம் என்றால் நீங்களும் நானும் அவனும் தவிர யாரும் இதைப் பார்க்கமாட்டார்கள்; போட்டோவும் நாலு வரியும் போதும். கொடு என்றால் இதையே பேப்பருக்குக் கொடுக்கிறேன். கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன், அவன் ஏதாவது எழுதுவதாக இருந்தால்.

அவன் எதை எழுதினாலும் அதில் கை வைக்கமாட்டேன். ஸ்பெல்லிங் கூடப் பார்க்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
அரவிந்தின் அம்மா

அப்பா, காலேஜுக்கு நானே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சுவர்க் கட்டுரையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை, இன்று பேசினேன். கேஸ் புக் பண்ணியாச்சு.

உங்கள் மகன்,
அரவிந்த்