மொட்டைக்குக் கிடைத்த முன்சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து உங்கள் மொட்டை மகன் யசோதரன். தலைக்கயிற்றில் தேயிலைக் கொழுந்துக்கூடை சுமக்கும் கழுத்துவலி குறைந்ததா?

புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. சீப்புக்கு லீவு! இன்று மழைக்கு மாமாவின் காவிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பிக்கு என்று எண்ணி, சிங்களத்தில் "ஹாமுதுருவனே, வாடிவென்ன!" என்று பிக்குமாருக்கான முன்சீட்டைக் காட்டினார். நோயாளி என்றேன். சிரித்துவிட்டு, ஹாமுதுருவைத் தம்பியாக்கி, "பரவால்ல மல்லி, உட்காரு" என்றார்.

நீங்களும் மொட்டை போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்தீர்களாமே? இப்போது வேண்டாம்மா. கூடைக் கயிறு வெறும் மண்டையை அறுக்கும். எனக்கும் வளரட்டும், சேர்ந்தே கொடுப்போம். அம்மனிடம் தவணை கேளுங்கள்.

கயிற்றுக்கடியில் மடித்துவைக்கும் உங்கள் தலைத்துணியை அனுப்புங்கள். தலையில் கட்டத்தான், வேறொன்றுமில்லை. துவைக்க வேண்டாம்.

நர்ஸம்மா ஊசியோடு வருகிறார். ஓட வழியில்லை, முடிக்கிறேன்.