இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து இன்று காலை வீடு திரும்பினேன். தூக்கமில்லாமல் கண் எரிகிறது. வாசலில் என் கார் நாய் மாதிரி படுத்துக் கிடந்தது. நாலு டயரிலும் காற்று இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "எப்படி? சர்ப்ரைஸ்!"

பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கழற்றிவிட்டுக் குட்டையானது மாட்டியிருக்கிறாராம். சிநேகிதருடைய ஒர்க்‌ஷாப்பில், ஒருநாள் முழுக்கக் கூடவே நின்று. "ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகும் பாரு."

கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிய வண்டி. நான் வேலைக்கு எடுத்துப்போகிற வண்டி. அவர் ஆபீசுக்குப் போவது பஸ்ஸில். "யாருக்கு சர்ப்ரைஸ்?" என்று கேட்டேன். சிரித்தார். சண்டை போடத் தெம்பில்லை. குளித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 4, புதன்

சத்தம்.

மார்ச் 5, வியாழன்

நேற்று எழுத முடியாத அளவுக்கு எரிச்சல். இன்று எழுதுகிறேன். வேகத்தடை ஏறி இறங்கும்போது "கடக்". சின்னப் பள்ளம் என்றால் "கட கட கட", தகர டப்பாவில் கோலி போட்டுக் குலுக்குகிற மாதிரி. வண்டியை நிறுத்த ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் "டங்", ஒரே ஒரு தடவை.

அவரிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். வண்டி நின்றுகொண்டிருந்தது அப்போது. நிற்கிற வண்டியில் என்னத்தைக் கேட்கும்?

மார்ச் 8, ஞாயிறு

ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அந்தச் சிநேகிதரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். சத்தத்தைக் கேட்டது நான், சொன்னது நான். அவர் பதில் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "இறக்கின வண்டி கொஞ்சம் பேசத்தான்டா செய்யும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாட்டு வச்சுக்கிட்டு ஓட்டுங்க மேடம்."

இவரும் சிரிக்கிறார்! நடுவில் நான் நிற்கிறேன், மரக்கட்டை மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

ரத்த மாதிரிகள் இரண்டு திரும்பி வந்துவிட்டன.

என் வேலை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பெட்டியில் அடுக்கி, பத்து மணிக்குள் லேப்பில் சேர்ப்பது. குழாயில் ரத்தம் ரொம்பக் குலுங்கினால் அணுக்கள் உடைந்துபோகும். மேலே தெளிய வேண்டிய நீர் சிவந்துவிடும். அப்புறம் அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. இரண்டு வருஷத்தில் என்னுடையது ஒன்றுகூடத் திரும்பியதில்லை. மேலாளர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "ஊசி குத்துற விதத்துல ஏதோ கோளாறு, பாத்துக்கோங்க" என்றார்.

என் கையில் கோளாறாம். என் கையில்!

மார்ச் 11, புதன்

திரும்பிய ஒன்று, புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிற அந்த டீச்சரம்மாவுடையது. அவருக்கு நரம்பே கிடைக்காது. நேற்று ஒரே குத்தில் எடுத்தபோது என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். இன்று மறுபடி போய் நின்றேன். சட்டைக் கையை மேலே சுருட்டினார். மூன்று குத்து.

வண்டியில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கை அடித்தேன், கை வலிக்கிற வரைக்கும். இனி பாட்டு வைத்துக்கொண்டு ஓட்டுகிறவள் வேறு எவளாவது இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 14, சனி

நானே தேடுகிறேன்.

மதியம் டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கி, ஸ்பேர் டயர், குடை, பழைய செருப்பு, எல்லாம் வெளியே. ஒரு சுற்று ஓட்டினேன். சத்தம் அப்படியே. பிரேக்கை லேசாக மிதித்தபடி வேகத்தடை ஏறினேன். அப்படியே. ஆக, பிரேக்கில் இல்லை. பள்ளிக்கூட மதிலை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். மதில் சத்தத்தைத் திருப்பி அடித்தது. முன்பக்கம்தான். இடமா வலமா?

வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மதிலை ஒட்டி எட்டுத் தடவை போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தை, அதாவது என் மாமியார், காலையிலேயே கேட்டார்: "என்னம்மா தேடிக்கிட்டே இருக்கே?" சொன்னேன். மகனுக்குப் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நான் என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். பாயை விரித்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தேன். வலது பக்கம் கையை விட்டு ஸ்பிரிங்கைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இடது பக்கம் போனேன். ஷாக்கின் அடியில், அது சக்கரத்தோடு சேருகிற இடத்தில் விரலை வைத்தேன்.

துடித்தது. நாடி மாதிரி. அத்தை ஒரு தடவை அமுக்கினால் ஒரு துடிப்பு.

நரம்பு தேடுகிற விரல் இது. எனக்குத் தெரியும் எங்கே இருக்கிறதென்று.

அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன சர்க்கஸ்?" அத்தை, "உனக்குத்தான் காது இல்லையே, நீ உள்ள போ" என்றார். நான் இடத்தைச் சொன்னேன். ஷாக்கின் அடி, இடது பக்கம் என்று. அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "மாஸ்டர்கிட்ட சொல்றேன், நீ அதுல கை வைக்காதே" என்று வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 18, புதன்

மாஸ்டர் வெளியூராம். இன்னொரு மாதிரியும் திரும்பியது. மேலாளர் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை முதல் வெளிவேலை வேண்டாம், உள்ளே உட்கார்ந்து குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.

வீட்டில் வந்து கத்தினேன். எனக்கே பிடிக்காத குரலில் கத்தினேன். "சனிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? என்கூட வாங்க. பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. அப்புறம் சொல்லுங்க கேக்கலைன்னு."

"சரி, வரேன்" என்றார். உடனே சரி என்றதுதான் ஆச்சரியம்.

மார்ச் 21, சனி

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறரைக்குக் கிளம்பினோம். பெட்டி அவர் மடியில். முதல் இரண்டு வீடு முடிந்தது. மூன்றாவது வீட்டுக்குப் போகிற வழியில் மேம்பாலம். நான் அதில் எப்போதும் போகிற வேகத்தில்தான் போனேன். பாலத்தின் இணைப்புத் தகட்டில் ஏறியதும் "கடக்". அவர் கை பாய்ந்து டேஷ்போர்டைப் பிடித்தது. "மெதுவா! மெதுவா போ!"

சத்தம் கேட்டு எரிச்சல்பட்ட குரல் இல்லை அது. பயம். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்த ஒருவனுடைய பயம்.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். "என்ன தெரியும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"என்ன தெரியும்?"

சொன்னான். ஆமாம், சொன்னான் என்றுதான் எழுதுவேன். ஷாக்கையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது இரண்டு போல்ட். இடது பக்கம் ஒன்று துருப்பிடித்து, கழற்றும்போது உடைந்துவிட்டதாம். அந்த அளவு போல்ட் கையில் இல்லை. ஒரு சின்னதை மாட்டி, "நாலு நாள்ல வா, மாத்திடலாம்" என்றானாம் மாஸ்டர். நாலு நாளில் போகவில்லை. ஏன் போகவில்லை? "நீ ஏற்கெனவே கோவமா இருந்தே. இதையும் சொன்னா..."

பதினெட்டு நாள். அந்தப் பாலத்தின் மேல் தினமும் போக வர. போன ஞாயிறு நான் விரல் வைத்துக் காட்டியபோதும் தெரியும். புதன்கிழமை நான் தொண்டை கிழியக் கத்தியபோதும் தெரியும். எனக்குக் காது கோளாறு, கை கோளாறு என்று ஊரே சொன்னபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். என் உசுருடா அது! அதைவிடவா என் கோவம் பெரிசாப் போச்சு உனக்கு?

அழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன். மடியிலிருந்து பெட்டியை வாங்கினேன். "இழுத்துட்டுப் போற வண்டியைக் கூப்பிடுங்க. அது வர்ற வரைக்கும் இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மீதி நாலு வீட்டுக்கும் ஆட்டோவில் போனேன். லேப்புக்கும் ஆட்டோதான். பெட்டியைக் கையிலேயே தூக்கிப் பிடித்திருந்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேசவில்லை. அத்தையும் அவரிடம் பேசவில்லை. வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது.

மார்ச் 23, திங்கள்

வண்டியை வேறு மெக்கானிக்கிடம் விடச் சொல்லியிருந்தேன். டயர்க்கடைக்குப் பக்கத்தில், அதிகம் பேசாத ஒரு மனுஷர். தூக்கிவிட்டால் சக்கரம் தொங்கும், சத்தம் ஒளிந்துகொள்ளும் என்று வண்டியைத் தரையில் வெட்டிய பள்ளத்தின் மேல் நிறுத்தி அடியில் இறங்கினார். வெளியே வந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினார். அந்தச் சின்ன போல்ட். நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. மேலே ஸ்பிரிங் உட்காருகிற இடமும் தப்பாம். "டங்" அதனால்தான்.

"யாரும்மா கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"சரியா சொல்லியிருக்கீங்க" என்றார். இந்த இரண்டு சொல்லுக்கு மூன்று வாரம்.

போல்ட்டை வாங்கிக்கொண்டு நேராக லேப்புக்குப் போனேன். மேலாளர் மேஜையில் வைத்தேன். சனிக்கிழமைக் குழாய்களின் முடிவையும் பக்கத்தில் வைத்தேன். போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டி ரெடியானதும் வெளிவேலைக்கே போங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலும் வராது போலிருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டியாயிற்று. மாஸ்டரிடமிருந்து அதை வாங்கி வர வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிநேகிதர்கள் முன்னால் மானம் போகும் என்று முனகினார். "போகட்டும்" என்றேன். போய் வாங்கிக்கொண்டு, கைலியெல்லாம் கிரீஸாக வந்தார்.

டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். ஒரே குத்து.

ஏப்ரல் 2, வியாழன்

மன்னிப்புக் கேட்டார், காபி ஆற்றிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பி நின்று கேளுங்கள் என்றேன். திரும்பி நின்று கேட்டார். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

துணி துவைக்கிற மெஷின் சுற்றும்போது தடதடவென்று ஆடியது. நான் மாடியில் இருந்தேன். கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். "ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் வந்து கேளேன்."

இறங்கிப் போனேன். மெஷின் மேல் கையை வைத்தேன். "பின்பக்கம். வலது கால்" என்றேன்.

தரையில் மண்டியிட்டார். ஸ்பேனரைப் போட்டு அந்தக் காலைத்தான் திருகினார். அரைச் சுற்று திருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.