இரண்டாவது ஈஸ்டருக்கான முட்டைகள்

அக்கா, இன்று லண்டன் நோர்பரி வீட்டில் வெங்காய மூட்டையைக் கவிழ்த்தேன். சருகு சமையலறை முழுக்கப் பறந்தது. மகள் விளக்குமாறோடு வந்தாள். "கூட்டாதை பிள்ளை, இருக்கட்டும்" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். வருஷக்கணக்காக மறுமுனையை நீங்கள்தான் பிடித்தீர்கள். நாம் பேசியது அரைகுறை இங்கிலிஷ். ஆனாலும் நினைவில் உங்கள் குரல் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது, கோபிக்காதேங்கோ.

டான்யூப் ஆற்றோரத்தில் உங்கள் ஊர். ஒரே தெருவில் குரோஷியர், சேர்பியர், ஹங்கேரியர். நீங்கள் குரோஷியக் கத்தோலிக்கர், நீங்கள் கட்டின மனிசன் சேர்பியர். பழைய நாட்காட்டி பார்க்கும் அவருடைய ஓர்தொடொக்ஸ் சபைக்கு ஈஸ்டர் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை என் வீட்டு வெங்காயச் சருகை வாங்கிப்போய், அதை அவித்து, முட்டைக்குச் செம்மண் நிறம் ஏற்றுவீர்கள். "ஒரு இயேசு எத்தனை தரம் உயிர்க்கிறார்?" என்று சீண்டுவேன். "எங்கட வீட்டில ரெண்டு தரம்" என்பீர்கள். எந்த நாடு என்று யாராவது கேட்டால், யூகோஸ்லாவியா என்று சொல்லிவிட்டு விரிப்பை உதறுவீர்கள்.

தொண்ணூற்றொன்றில் அங்கே போர் வந்தது. உங்கள் அண்ணனின் வீட்டை எரித்தவர்கள் சேர்பியர். அதன்பிறகு நாடு கேட்டவர்களிடம் குரோஷியா என்றீர்கள், மெதுவாக. அடுத்த வசந்தத்தில் உங்கள் ஈஸ்டருக்கு மட்டும் சருகு வாங்கினீர்கள். "அவரின்ர ஈஸ்டருக்கு இந்தமுறை வேண்டாம்" என்றீர்கள்.

"செய்யாதேங்கோ, அதுதான் சரி" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது. எண்பத்து மூன்றில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்ததிலிருந்து சிங்களவரோடு பேசுவதில்லை என்று இருந்தவள் நான். பக்கத்து மெஷினில் நின்ற சிங்களப் பெண் குமாரியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

உங்கள் மனிசனுடைய ஈஸ்டருக்கு முந்தின நாள் கதவைத் தட்டினீர்கள். "சருகு இருக்கே?"

"அவர் கேட்டவரே?"

"இல்லை. கேட்டிருந்தா மாட்டன் எண்டிருப்பன். குசினி மேசையில தனிய இருக்கிறார்."

சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நான் குரோஷியாக்காரி. அதை இனி ஆருக்கும் மறைக்கமாட்டன். அதுக்காக இவ்வளவு காலம் என்னோட இருந்த மனிசனை வெறும் மேசையில இருத்தேலாது."

திங்கட்கிழமை இரண்டு முட்டை கொண்டுவந்தீர்கள். "ஒண்டு உனக்கு. மற்றது குமாரிக்கு. நீதான் குடுக்கவேணும்."

நான் கொடுக்கவில்லை. இரண்டையும் நானே தின்றேன். மறுநாள், "அவளுக்குப் பிடிச்சுதோ?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். உங்கள் முகம் அன்று அவ்வளவு மலர்ந்தது.

அதற்குப் பின் ஆறு வருஷத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் இறுதிப் பூசை முடிந்தும் உங்கள் மனிசன் சவப்பெட்டிமேல் கைவைத்தபடி நின்றார். பார்க்கப் பொறுக்காமல் வெளியே வந்தேன். அங்கே குமாரி நின்றாள். அன்றுதான் முதல்தடவையாக அவளிடம் பேசினேன், முட்டைக் கதையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள், நம்முடைய அதே அரைகுறை இங்கிலிஷில். "அவ என்னட்டையும் கேட்டவ, முட்டை எப்பிடி எண்டு. நல்லா இருந்தது எண்டு சொன்னனான்."

இப்போது வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறோம், அக்கா. ஆனால் உங்களுக்குச் சொன்ன அந்த ஓம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல், அந்தப் பொய்யில் பாதியைக் குமாரி ஆறு வருஷம் சுமந்திருக்கிறாள்.