சிவப்புத் துணி கெட்டிய கேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் இருந்தே மழை. பள்ளிக்கூடம் லீவ். சந்தோஷம் எட்டரை வரைக்கும்தான்.

மத்தியானம் கரைக்கு வரவேண்டிய வள்ளம் எட்டரைக்கே வந்துட்டு. அப்பாவும் பிஜு அண்ணனும் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து முற்றத்து மரச் சட்டத்தில் மாட்டினார்கள். மீன் ஒரு கூடை கூட இல்லை.

"ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு ஜோலி செய்யல்ல" என்றான் அண்ணன்.

"அதுக்கும் மழை லீவா?" என்றேன். யாரும் சிரிக்கல்ல.

இந்தப் பக்கத்தைப் பிறகு கிழிக்கணும்.

எங்க வீட்டில் ஒரே மாதிரி ரெண்டு நீலக் கேன். ஒன்றில் வெறும் மண்ணெண்ணெய். மற்றதில் ஆயில் கலந்தது, அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கெட்டியிருக்கும். எஞ்சினுக்கு ஆயில் ஊத்த வேற ஓட்டை கிடையாது. மண்ணெண்ணெயோடு கலந்து போனால்தான் உண்டு. கலந்து வைப்பது அண்ணன் வேலை.

நேற்று சாயங்காலம் துணியை அவிழ்த்து வெறும் மண்ணெண்ணெய்க் கேனில் கெட்டினேன். காரணம்: நான் வாயைத் திறந்து தூங்கும் போட்டோவை அவன் குடும்ப குரூப்பில் போட்டது. பிளான்: காலையில் அவன் கேனைத் தூக்கும்போது "எலே குருடா" என்று கத்திச் சிரிப்பது. அலாரம் அஞ்சரைக்கு. விழித்தது ஏழுக்கு.

டேங்கில் பழைய கலவை பாதி கிடந்ததாம். அதனாலதான் நடுக்கடலில் ஒரேயடியாக நின்றுபோகாமல் இருமி இருமியாவது வந்திருக்கு.

மத்தியானம் எல்லாரும் படுத்த நேரம் துணியை மாற்றிக் கெட்டிவிட்டேன். அவசரத்தில் முடிச்சு சரியா விழல்ல.

ஜூலை 9, புதன்

மழை விட்டு விட்டு. தங்கராஜ் மாமா வந்தார். சொந்தம் இல்லை, மெக்கானிக். எஞ்சின் வெச்சிருக்கிற எல்லாருக்கும் மாமா.

எஞ்சினின் விசிறி உள்ள அடிப்பாகத்தைத் தண்ணி டிரம்மில் இறக்கி ஸ்டார்ட் செய்தார். ஓடும்போதே கீழ்ச் சிலிண்டர் பிளக்கின் வயரைப் பிடுங்கினார். எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்து மேல் வயரைப் பிடுங்கினார். ஒரு மாற்றமும் இல்லை.

"மேல உள்ளவன்தான் சும்மா இருக்கான். கீழ உள்ளவன் தனியா இழுக்கான்."

பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வெச்சு ஸ்டார்ட்டர் கயிறு இழுத்தார். கீழே நூற்றிப்பத்து. மேலே அறுபது. அடுத்து மேல் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இழுத்தார். முள் தொண்ணூறுக்கு ஏறியது.

"பிஸ்டன் ரிங் ஆக்கும். ஆயில் விட்டதும் சந்து அடைஞ்சுதா, காற்று நிக்குது." அப்புறம் சாதாரணமா ஒரு கேள்வி. "ஆயில் ஒழுங்கா கலந்துதானே ஓட்டினிய?"

"சத்தியமா கலந்தேன் மாமா" என்றான் அண்ணன்.

அப்பா அவனைப் பார்த்தார். "இவன் கையளவு தப்பாது, எனக்குத் தெரியும்."

நான் டிரம் தண்ணியில் மிதந்த எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா தீர்ப்பு: பழைய எஞ்சின், தேய்மானம். ரிங் திங்கள்கிழமை கிடைக்கும். அதுவரை பாதி வேகத்தில் பைய ஓடலாம், கீழ்ச் சிலிண்டர் நல்லோணம் இருக்கு.

அப்பாவுக்கு அது போதும். "கடல் அடங்கியாச்சு. மீன் கிடக்கும்போ நாம மட்டும் கரையில இருந்தா எப்படி? நாளைக்குப் போறோம்."

மாமாவுக்குச் சாயா கொண்டு போன சாக்கில் கேட்டேன். "சும்மா கேக்கேன் மாமா. ஆயில் இல்லாம ஓடியிருந்தா?"

"அப்போ கதை வேற மக்கா. கீழ உள்ள பிஸ்டனும் உரசியிருக்கும். கேஜ்ல தெரியாது. சூடு ஏறும்போ பிஸ்டன் அப்படியே பிடிச்சுக்கும். அலை அடிக்கிற இடத்துல பிடிச்சா வள்ளம் கவுந்து மறியும். ஏன் கேக்கிய?"

"பரீட்சைக்கு."

"எந்தப் பரீட்சைக்கு?" என்று சிரித்தார்.

ஜூலை 10, வியாழன்

வள்ளம் போகல்ல. அவர்கள் எழும்பும் முன்னே ரெண்டு பிளக்கையும் கழற்றி என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளிச்சாச்சு.

திட்டு முழுக்க அண்ணனுக்கு. "எஞ்சினைத் திறந்தா மூடத் தெரியாதா எலே?"

அப்பா என்னையும் கேட்டார். "நீ எடுத்தியா பிள்ளே?"

"எனக்கென்னத்துக்கு? கம்மலா போடவா?"

அப்பா சிரித்துவிட்டார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இல்லையா, ஸ்ட்ரோக்னா அடி, ஒரு அடி அதுக்கு, அடுத்த அடி அப்பாவுக்கு என்று மனசு தானா ஜோக் அடிக்குது. நிறுத்த முடியல்ல.

போன வருஷம் இதே அலையில் வள்ளம் மறிந்து பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தொடை ஒடிந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒரு மாசம். இப்பவும் படி ஏறும்போது பல்லைக் கடிப்பார்.

சாயங்காலம் அண்ணன் யாரிடமோ ரெண்டு பிளக் கேட்டு வாங்கிவிட்டான். நாளை ஆறு மணிக்கு வள்ளம் போகும்.



ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. அலை இருந்தது.

பாக்ஸை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். வள்ளத்தைத் தள்ளக் கை வெச்சாச்சு. மூச்சு வாங்க எல்லாம் சொன்னேன். துணி, கேன், தூக்கம்.

"பொய். இவளுக்கு எல்லாம் களி, விளையாட்டு" என்றான் அண்ணன்.

பாக்ஸைத் திறந்து பிளக்கைக் காட்டினேன்.

"இது நீ எடுத்தது. அதுக்காக மற்றது உண்மையாகுமா?" என்றார் அப்பா. "வீட்டுக்குப் போ பிள்ளே. நேரமாச்சு."

எத்தனை தடவை ஏமாற்றியிருக்கேன். இன்னைக்கு அதெல்லாம் சேர்ந்து எனக்கு எதிரா நின்றது.

அண்ணன் சிவப்புத் துணிக் கேனை வள்ளத்தில் ஏற்றப் போனவன், அப்படியே நின்றான். ஒரு தடவை குலுக்கினான்.

"அப்பா, இதை நீங்க நெறச்சியளா?"

"இல்ல."

"செவ்வாய்க்கிழமை துணி கெட்டின கேன்ல இருந்து பாதி ஊத்தினேன். இது கழுத்து வரைக்கும் இருக்கு."

துணியை மாற்றினேன். உள்ளே இருந்த அளவை மறந்தேன்.

அப்பா எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். தள்ள வந்தவர்கள் ஒவ்வொருவரா கையை எடுத்தார்கள்.

பத்து மணிக்குத் தங்கராஜ் மாமா எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். மேல் பிஸ்டனில் கீறல். கீழ்ப் பிஸ்டனிலும், பூனை பிராண்டின மாதிரி. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதாக்கும் உன் பரீட்சை."

அண்ணன் என்கிட்ட பேசல்ல. போட்டோவை மட்டும் குரூப்பில் இருந்து அழித்திருக்கிறான். அதுதான் அழவெச்சது.

மணி நாலு. அப்பா முற்றத்தில் கீழ்ப் பிஸ்டனைக் கையில் வெச்சு, கீறலை நகத்தால் தடவிக்கொண்டே இருக்கிறார். அடித்தாலாவது மூச்சு விடலாம்.

கூப்பிடுகிறார். பிள்ளே என்று இல்லை. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் உள்ள என் பெயரை முழுசா.